தாராவின் நிறை

நிசாந்தி: ஆரப்பா அந்தத் தாரா?

ரூபன்: எந்தத் தாரா?

நிசாந்தி: வந்து இறங்கின நேரந்தொட்டு தாரா, தாரா எண்டு முணுமுணுக்கிறியளே… அவதான்.

ரூபன்: அவ இல்லையப்பா, அது! இஞ்சை பாரும், ருலோட்டின்ரை கதவுக்குக் கீழை தகடு. ‘தாரா 1150’.

நிசாந்தி: ஆயிரத்து நூற்றைம்பது தாராவே? வாத்து முட்டை வித்தே பிழைக்கலாம்.

ரூபன்: பகிடி விடாதையும். இத்தாலியன் பாசையிலை தாரா எண்டா வெறும் நிறை. இந்த ருலோட், இழுத்துக்கொண்டு போற வீட்டு வண்டி, ஒண்டும் ஏத்தாமல் நிக்கேக்கை உள்ள கிலோ.

நிசாந்தி: சரி… எங்கடை பிக்கப் எவ்வளவு இழுக்கும்?

ரூபன்: வண்டிப் புத்தகத்திலை ஆயிரத்து எண்ணூறு எண்டு கிடக்கு.

நிசாந்தி: பிறகென்ன? கொழுவுங்கோ, போவம்.

ரூபன்: பொறும், பொறும்… தாராவுக்குக் கீழை இன்னொரு இலக்கம். ஆயிரத்து ஐந்நூறு. ரெண்டையும் கூட்டினா…

நிசாந்தி: ஏன் கூட்டுறியள்?

ரூபன்: ரெண்டாயிரத்து அறுநூற்றைம்பது! பார்த்தீரே? மண்டரின் தோடம்பழப் பெட்டி ஏத்தி ஏத்திக் களைச்ச பிக்கப். முதுகு முறிஞ்சிடும்.

நிசாந்தி: ஒரு மாசமா ‘எல்லாம் பார்த்திட்டன், பஞ்சு மாதிரி இழுக்கும்’ எண்டனீங்கள்.

ரூபன்: அப்ப இந்தத் தகட்டைப் பார்க்கேல்லை.

நிசாந்தி: தகட்டைப் படமெடுத்து கராஜ்கார லூர்துவுக்கு அனுப்பினது ஆர்?

ரூபன்: …படம் வடிவா விழேல்லை.

நிசாந்தி: ரூபன், நாளைக்குக் காலமை நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோரா இந்தச் சியாகுல்லிக் காணியைப் புது ஆக்களிட்டைக் குடுக்கிறா. இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ளை இதை எடுக்காட்டி பழைய இரும்புக்காரன் கொண்டு போயிடுவான். அவவின்ரை செத்துப்போன மனிசன் ஆசையா வைச்சிருந்த சாமான், எங்களுக்கெண்டு சும்மா தந்தவ.

ரூபன்: இரும்புக்காரன் பாவம்… அவனும் பிழைக்க வேணும்தானே.

நிசாந்தி: என்ன கதை கதைக்கிறியள்? பதினொரு வருசம்… ஒவ்வொரு ஓகஸ்ற்றும் நானும் கடலுக்குப் போறன். என்னத்துக்கு? சிஞ்ஞோராவின்ரை பேரப்பிள்ளையளின்ரை காலிலை ஒட்டின மண்ணைக் கழுவ! என்ரை காலிலை மண் ஒட்ட எங்கை நேரம்?

ரூபன்: தெரியும், நிசா…

நிசாந்தி: எங்கடை மகள் கேசிகா பள்ளிக்கூடத்திலை விடுமுறைக் கட்டுரை எழுதினவள். ‘நான் அம்மா வேலை செய்யிற வீட்டிலை விளையாடினன்.’ ஒரே ஒரு வரி. ஒன்பது வயசுப் பிள்ளை. இந்த முறை சான் வீத்தோ கடற்கரையிலை ருலோட் விட இடம் பதிஞ்சாச்சு. வகுப்பு முழுக்கச் சொல்லிப்போட்டாள்.

ரூபன்: அதுதான் எனக்கும் யோசனையாக் கிடக்கு.

நிசாந்தி: நிறையை நினைச்சோ?

ரூபன்: …ஓம். நிறையை நினைச்சுத்தான்.

நிசாந்தி: அப்ப கேளுங்கோ. ஒரு தாரா நிக்குது எண்டு வையுங்கோ. வெறும் வயித்தோடை ஆயிரத்து நூற்றைம்பது. நல்லாத் திண்டு, வயித்துக்கை முட்டையும் இருந்தா, கூடினது ஆயிரத்து ஐந்நூறு. அதுக்கு மேலை திண்ணக் கூடாது. அதுதான் ரெண்டாவது இலக்கம். ஒரே தாராதான். நீங்கள் ரெண்டு தரம் நிறுக்கிறியள்.

ரூபன்: அப்ப… முழுக்க ஏத்தினாலும் ஆயிரத்து ஐந்நூறுதானோ?

நிசாந்தி: ஓம். பிக்கப் இழுக்கிறது ஆயிரத்து எண்ணூறு. இன்னும் முந்நூறு மிச்சம் கிடக்கு. உள்ளை சாமான் முந்நூற்றைம்பது ஏத்தலாம்.

ரூபன்: இதெல்லாம் உமக்கு எப்பிடித் தெரியும்?

நிசாந்தி: சிஞ்ஞோரா சொன்னவ… வியாழக்கிழமை அவவின்ரை உடுப்பை அயன் பண்ணி மினுக்கப் போறனான்தானே. அப்ப கதைப்பா.

ரூபன்: எழுபத்தெட்டு வயசு மனிசி மினுக்கிற இடத்திலை வண்டி நிறை கதைக்குதோ?

நிசாந்தி: அவ கன விசயம் தெரிஞ்ச ஆள். கொழுவுங்கோ.

ரூபன்: முந்நூற்றைம்பது எங்கை காணும்? உதென்ன சாக்கு?

நிசாந்தி: அரிசி.

ரூபன்: ஒரு கிழமைக்குப் பத்துக் கிலோவே?

நிசாந்தி: உங்கடை சோத்துக் கோப்பையைப் பார்த்துத்தான் வாங்கினனான்.

ரூபன்: தேங்காய்த் துருவலை… இடியப்ப உரல்… கடற்கரையிலை ஆர் இடியப்பம் அவிக்கிறது?

நிசாந்தி: நீங்கள். எனக்கு லீவு.

ரூபன்: எனக்கு?

நிசாந்தி: உங்களுக்குப் பாதி லீவு.

ரூபன்: ரயர் வெடிச்சிருக்கும் கண்டீரோ. பத்து வருசம் வெயிலிலை நிண்டது…

நிசாந்தி: லூர்து திங்கட்கிழமை ரெண்டையும் மாத்திப்போட்டான்.

ரூபன்: அவனிட்டை ஆர் சொன்னது?

நிசாந்தி: நான்தான். பிறேக்கும் பார்த்தவன். லைற்றும் பார்த்தவன்.

ரூபன்: மழை வரும் போலை…

நிசாந்தி: பலெர்மோவிலை? ஓகஸ்ற்றிலை? என்ரை முகத்தைப் பாருங்கோ. இது நிறைப் பிரச்சினை இல்லை.

ரூபன்: …கத்தக் கூடாது.

நிசாந்தி: சொல்லுங்கோ.

ரூபன்: ருலோட் முழு நிறை ஆயிரத்து ஐந்நூறு. பிக்கப் முழு நிறை ரெண்டாயிரத்துத் தொளாயிரம். இது கூட்டத்தான் வேணும், நான் பிழை விடேல்லை…

நிசாந்தி: நாலாயிரத்து நானூறு.

ரூபன்: என்ரை பத்தேந்தே, வண்டி ஓடுற லைசன்ஸ், வெறும் B. அதோடை மூவாயிரத்து ஐந்நூறு மட்டும்தான் ஓடலாம். பிக்கப் இழுக்கும், நிசா. நான் இழுக்கேலாது.

நிசாந்தி: எப்ப தெரியும்?

ரூபன்: மே மாசம். ஒரேத்தோவிலை இருக்கிற டிரைவிங் பள்ளிக்கூடத்துக்குப் போனனான். Bயோடை E எடுக்க வேணுமாம், இனிச் சேர்ந்தா சோதினை ஒக்டோபரிலைதானாம். வீட்டை வந்தா கேசிகா கடலுக்குப் போற படம் கீறிக்கொண்டு இருக்கிறாள். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு…

நிசாந்தி: அதுக்காகத்தானே பாவம், தாராவை ரெண்டு தரம் நிறுத்தனீங்கள்?

ரூபன்: பேசும். நல்லாப் பேசும். வெக்கமாக் கிடக்கு. அண்டைக்கு அங்கை ஒரு பொம்பிளை… பெரிய தொப்பி, கறுத்தக் கண்ணாடி. பின்னாலை பெரிய பெட்டி வண்டியைக் கொழுவிக்கொண்டு, ஒரே வெட்டிலை றிவேர்ஸ் எடுத்தா. ஒரு சாண் விலகேல்லை. அதைப் பார்க்க எனக்கு இன்னும் வெக்கமாப் போச்சு.

நிசாந்தி: அவ்வளவு வடிவா எடுத்தவவோ?

ரூபன்: சொல்லி வேலையில்லை. உம்மைப் போலை பல்லாரோச் சந்தையிலை தக்காளிக் கடைக்குள்ளை காரை விடுற ஆள் இல்லை.

நிசாந்தி: அதை இன்னும் எத்தினை வருசம் சொல்லிச் சிரிக்கப் போறியள்?

ரூபன்: சாகும் வரைக்கும்.

நிசாந்தி: நீங்கள் போனது என்ன கிழமை?

ரூபன்: வியாழக்கிழமை. நீர் மினுக்கப் போற நாளாப் பார்த்து, களவாய்ப் போனனான்.

நிசாந்தி: அவ உங்களைப் பார்த்தவவோ?

ரூபன்: அதுதான் விளங்கேல்லை. என்னைக் கண்டதும் தொப்பியை இழுத்துவிட்டு, ஸ்ரேரிங்குக்குக் கீழை குனிஞ்சிட்டா. என்ரை மூஞ்சி அப்பிடியோ தெரியேல்லை… ஏன் சிரிக்கிறீர்?

நிசாந்தி: ஒண்டுமில்லை. அந்தப் பக்கத்தாலை ஏறுங்கோ.

ரூபன்: ஏன், லூர்து வாறானோ? அவனிட்டையும் B மட்டும்தான்.

நிசாந்தி: ஒருத்தரும் வரேல்லை. சாவியைத் தாங்கோ.

ரூபன்: விசரே உமக்கு? கராபினியேரிப் பொலிஸ் மறிச்சா என்னத்தைக் காட்டுறது?

நிசாந்தி: இந்தாங்கோ, என்ரை பத்தேந்தேயைக் காட்டுங்கோ, B-க்குப் பக்கத்திலை E கிடக்கு. ரெண்டு தரம் பெயில் விட்டு, போன கிழமைதான் கிடைச்சது. முதலே சொன்னா அதுக்கும் சிரிப்பியள் எண்டுதான் சொல்லேல்லை. அந்தச் சீற்றுக்குப் பின்னாலை என்ரை தொப்பி கிடக்கு, எடுங்கோ… குனிஞ்சு குனிஞ்சு அண்டைக்கு எனக்கு முதுகே முறிஞ்சு போச்சு!