என் மகள் பொய் சொல்லவில்லை

நேரம் தவறாமல் நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! மேல்மாடி முதல் கீழ்மாடி வரை இந்தக் கட்டடத்தின் மேன்மையைக் காத்துவரும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா இல்லையா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! முன்வரிசையில் முண்டியடிக்கும் முத்தான பிள்ளைகளே! உங்கள் லிஃப்ட் மெக்கானிக்கின் உளமார்ந்த வணக்கம்.

தலைவர் என்னை அழைக்கும்போது என்ன சொன்னார்? பக்தியின் சிகரம் என்றார், பண்பின் உறைவிடம் என்றார். 'பிரார்த்தனையால் ஓர் உயிரை மீட்ட பெருமகன்' என்று இந்தக் கேடயத்திலே பொறித்தும் வைத்திருக்கிறார். நீங்களும் கூரை அதிரக் கைதட்டினீர்கள். அந்த ஒவ்வொரு தட்டும் என் கன்னத்தில் விழுந்தது, ஐயா! ஏன் என்று சொல்லிவிட்டுத்தான் இந்த மேடையை விட்டு இறங்குவேன்.

போன வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மின்சாரம் போனது. நான்காம் மாடிக்கு ஓரடி கீழே லிஃப்ட் நின்றது. உள்ளே நம் தையற்கடை அக்கா, தன்னந்தனியாக. அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. மருந்தோ வீட்டிலே இருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நான் மாடியேறி ஓடினேன். கதவின் பூட்டு இறுகிப்போய் அசைய மறுத்தது. இடுக்கு வழியாக அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, எனக்கு மூச்சு முட்டுது. நான் செத்துப்போயிருவேனா?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. மெதுவா மூச்சு விடுங்க."

"எனக்காக வேண்டிக்கோங்க தம்பி. விடாம வேண்டிக்கோங்க."

"வேண்டிக்கிறேன்க்கா" என்றேன்.

மூச்சுக்குத் தவிக்கிற ஒருவரிடம் வேறென்ன சொல்வது? தத்துவமா பேசுவது? தர்க்கமா செய்வது? அந்தச் சொல்லுக்காக நான் இன்றும் வருந்தவில்லை. பூட்டு விட்டது, கதவு திறந்தது, அக்கா வெளியே வந்தார், வீட்டிலிருந்து எடுத்துவந்த மருந்தை உறிஞ்சினார், மூச்சு சீரானது. கூடியிருந்தவர்களைப் பார்த்து, "இவரோட வேண்டுதல்தான் என்னைக் காப்பாத்துச்சு" என்று கண்ணீர் விட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன்? இளித்தேன்!

தாய்மார்களே, எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை.

சலசலக்கிறீர்கள். சலசலப்பு நியாயம்தான். இந்தக் கட்டடத்தில் வீட்டை வாடகைக்குக் கேட்டபோது உரிமையாளர், "நம்பிக்கை உள்ள குடும்பம்தானே?" என்றார். "ஆமாங்க" என்று தலையாட்டினேன். வேலையிடத்திலே வேண்டுதல் நேரத்தில் நல்லபிள்ளையாய்க் கண்ணை மூடினேன். ஊரோடு ஒட்டி, உள்ளத்தைப் பூட்டி, ஊமையாய் வாழ்ந்தேன். வீட்டுக்குள்ளே மட்டும் வீரன்! என் மகளிடம் மட்டும், "எனக்கு அந்த நம்பிக்கை இல்லம்மா. அதனால யாரையும் குறைச்சுப் பேசக் கூடாது" என்று சொல்லியிருந்தேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? வகுப்பிலே யாரோ கேட்டார்களாம். நான் சொல்லத் துணியாததை அவள் சொல்லிவிட்டாள், "எங்க அப்பா கும்பிட மாட்டாரு" என்று. அன்றிலிருந்து அவள் பக்கத்து இருக்கை காலி. இதோ முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகளில் சிலர் அவளோடு விளையாடுவதை நிறுத்தினார்கள். அவள் அதை என்னிடம் சொல்லவே இல்லை.

லிஃப்ட் கதை பள்ளிக்கூடம் வரைக்கும் போனது. "உங்க அப்பாதான் பெரிய பக்தராமே, பொய்க்காரி!" என்று வகுப்பே அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்தாள், பையைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, அன்னைக்கு நீ நிஜமாவே வேண்டிக்கிட்டியா?"

"இல்லம்மா."

"அப்போ ஏன் எல்லார்கிட்டயும் சும்மா இருந்த? என்னைப் பொய்க்காரின்னு சொல்றாங்கப்பா."

பிள்ளையின் முகத்தைப் பார்க்க முகம் இருந்ததா எனக்கு? நாத்திகன் என்பதற்காக நான் நாணவில்லை, பெரியோர்களே. நாத்திகன் என்று சொல்ல இந்த நாக்கு கூசியதே, அதற்காக நாணுகிறேன்! நான் நல்லவன் என்று நீங்கள் நினைப்பதற்கு என் பிள்ளை பொய்க்காரி ஆகவேண்டியிருந்ததே, அதற்காகக் கூனிக் குறுகுகிறேன்!

ஆகவே தலைவர் அவர்களே, கேடயத்தைத் தங்கள் மேசையிலேயே வைத்துவிடுகிறேன். பொறுத்தருளுங்கள்.

அக்கா எழுந்து நிற்கிறார். சொல்லுங்கக்கா.

"அப்போ நீங்க எனக்காக வேண்டிக்கலையா தம்பி?"

இல்லைக்கா.

"நான் உள்ள தவிச்சுக்கிட்டிருந்தப்ப நீங்க என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

உங்க மூச்சைக் கேட்டுக்கிட்டே பூட்டைத் திறந்துட்டிருந்தேன்க்கா. வேற எதுவும் என் மனசுல இல்ல.

உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அந்தக் கோபத்துக்கு முழு உரிமை உண்டு. அவர் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். நானும் நம்புவதுபோல் நடித்ததுதான் மன்னிக்க முடியாதது.

யாரது, "கீழ இறங்குய்யா" என்பது? இறங்குகிறேன் ஐயா. வீட்டைக் காலி செய்யச் சொன்னாலும் செய்கிறேன். பிள்ளைகளிடம் மட்டும் ஒரு சொல். கண்ணுகளா, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அவளைப் பொய்க்காரி என்று கூப்பிடாதீர்கள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. திட்டித்தான் தீரவேண்டும் என்றால் தரைத்தளத்திலே என் வீடு இருக்கிறது. கதவைத் தட்டுங்கள், நானே வந்து திறக்கிறேன். என்னைத் திட்டுங்கள்!

கடைசி வரிசையில் என் மகள் எழுந்து நிற்கிறாள். "வாப்பா, வீட்டுக்குப் போலாம்" என்று கையைக் காட்டுகிறாள். கை மட்டும்தான் எனக்குத் தெரிகிறது. அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.

கேட்க விருப்பமில்லாததையும் கடைசிவரை கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. எழுந்து போனவர்களுக்கும் இருந்து கேட்டவர்களுக்கும் என் வணக்கம்.