கரண்ட்டு பாலீசு மிஷின் வாங்கலாமா, வேணாமா

அதான் மொதலாளி, இந்தக் கரண்ட்டு மிஷின வாங்கறதா, திருப்பிக் குடுத்துடறதான்னு மண்டையப் பிச்சிக்கினு இருக்கேன். வண்டியா? அது முன்னாடி பஸ்சு நிக்கிற எடத்தாண்ட நெழல்ல நிக்குது. நீங்க சந்து வழியா வந்தீங்க, அதான் கண்ணுல படல. போலாம், ஒக்காருங்க. மொதல்ல எனக்கு ஒரு ரோசனை சொல்லுங்க.

இந்தப் புத்தூர்ல கன்னையா கை பட்ட காரு கண்ணாடி மாரி இருக்கும்னு நகரி பூரா சொன்னதே நீங்கதானே. கை அப்படியேதான் இருக்குது. தோளுதான் போச்சி. காலையிலேர்ந்து துணிய வெச்சி வட்டம் வட்டமா தேச்சிட்டு, ராத்திரி சோத்த வாய்க்கு எட்டவெக்க முடியல. தூக்கத்துல கூட கையி வட்டம் போட்டுக்கினே இருக்குதாம். எம் பொண்டாட்டி தாட்சாயணி சொல்றா, அவ முதுகுக்கு ரெண்டு தபா பாலீசு போட்டுட்டேனாம். ஒரு தபா மெழுகு வேற கேட்டேனாம்...

அதான் திருத்தணியில இருக்கிற மச்சான் திருமலை கிட்ட போனேன். மெட்ராசுல ஏதோ ஏலத்துல இந்த மிஷின எடுத்து வெச்சிருந்தான். கொண்டும்போயி ஓட்டிப் பாரு, புடிச்சா வெச்சிக்கன்னான். எடுத்தாறதே பெரும்பாடு. ஏப்ரல்ல ரெண்டு ராஜ்ஜியத்துக்கும் நடுவுல எல்லைக்கோடு போட்டாங்க இல்ல, இப்ப அவன் மெட்ராசு, நான் ஆந்திரா. நடுவுல செக்போஸ்ட்டு. இதேமி, இது இன்னான்னு செக்போஸ்ட்டுக்காரன் தெலுங்குல கேட்டான். இதுக்குத் தமிழ்லியே பேரு தெரியாது, தெலுங்குல இன்னாத்த சொல்றது. சும்மா கையச் சுத்திக் காட்டினேன். எனக்குத் தலை சுத்துதுன்னு நெனச்சி தண்ணி குடுத்து அனுப்பிட்டான்.

மொதல்ல கொல்லையில கெடக்கற பழைய கார் கதவுல ஓட்டிப் பாருன்னா தாட்சாயணி. ஓட்டினேன். ஆட்டுரோமத் தட்டு சுத்துது, கதவு மின்னுது, என் மூஞ்சி தெரியுது. தெருவையே கூப்ட்டுக் காட்டினேன். அங்கியே நிறுத்தியிருக்கணும். ஒரே ஒரு கதவு தேச்சதும் நான் பெரிய இன்ஜினீரு ஆயிட்டேன்.

உங்க பொண்ணு கல்யாணம், வெள்ளிக்கெழம மாப்ள அழைப்புக்கு வண்டி பளபளன்னு வேணும்னு சொல்லியிருந்தீங்களா... நல்ல வண்டியில ஓட்டினாத்தானே மிஷினோட தெறம தெரியும்னு... ஆமா மொதலாளி. உங்க வண்டிதான்.

இருங்க, ஏந்திரிக்காதீங்க. பானெட்டு நல்லாத்தான் வந்துச்சி. மேல கூரைக்குப் போனேன், கரண்ட்டு கம்மியாப் போச்சி. தட்டு சுத்த மாட்டேங்குது. வேற எவனா இருந்தாலும் நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிருப்பான். நான் இன்னா பண்ணேன், ஒடம்பு பூரா மேல போட்டு அழுத்தினேன். திடீர்னு கரண்ட்டு வந்துச்சி. கருப்பு பெயின்ட்டு போச்சி. அடியில மஞ்ச.

மொதல்ல எலுமிச்சம்பழம் அத்தினிதான் இருந்துச்சி. ஏதோ கறைன்னு நெனச்சித் தேச்சேன். பூசணிக்கா அத்தினி ஆச்சி. ஓரத்த நேராக்கலாம்னு இன்னும் கொஞ்சம்... இப்ப கூரை பூரா மஞ்சதான். கருப்பு ஒடம்பு, மஞ்சத் தலைன்னா மெட்ராசுல டாக்சிதானே மொதலாளி. உங்களுக்கு வித்தவரு ஜமீன்தாரு வண்டின்னா சொன்னாரு? சரி, சரி... யாருகிட்டயும் சொல்லல.

பெயின்ட்டு என் செலவு. கையாலதான் அடிப்பேன், கையாலதான் தேய்ப்பேன், வெள்ளிக்கெழமைக்குள்ள வண்டி உங்க வாசல்ல நிக்கும். மிஷினு நாளைக்கே திருத்தணிக்குப் போவுது. பாத்தீங்களா, உங்ககிட்ட பேசினதும் எனக்கு முடிவு வந்துடுச்சி.

வாங்க, போயிப் பாக்கலாம். கொஞ்சம் பொறுமையா வாங்க. மூட்டையும் கொழந்தையுமா ஒரு குடும்பம் பின்சீட்ல ஏறி ஒக்காந்துகினு இருக்காங்க. திருப்பதிக்கு எப்போ கெளம்புவீங்கன்னு கேட்டுக்கினே இருக்காங்க. எறங்குங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

டிரைவரு இப்ப வந்துடுவாருன்னு சொல்லி வெச்சிருக்கேன்.