பத்தும் நிஜமா இருக்கணும்

ஃபஸீஹா: இல்லைங்க, அதை எழுதினா சார் கோடு போட்டு அடிச்சிடுவாரு. அது புக்ல இருக்கற வாக்கியம்.

பாரூக்: எது?

ஃபஸீஹா: 'இட் ஹாஸ் பீன் ரெயினிங் சின்ஸ் மார்னிங்.' காலையிலேர்ந்து மழை பெய்ஞ்சிக்கினு இருக்குன்னு. எங்க பெய்யுது? விழுப்புரத்துல வெயிலு மண்டையைப் பொளக்குது.

பாரூக்: அட, ஹோம்வொர்க்குக்கு மழை என்ன, வெயில் என்ன? இங்கிலீஷ் கரெக்டா இருந்தா போதாதா?

ஃபஸீஹா: நெடுஞ்செழியன் சார் அப்படி இல்ல. 'பத்து வாக்கியம், பத்தும் நிஜமா இருக்கணும், உங்க வீட்ல நடக்கறதை எழுதுங்கம்மா'ன்றாரு. 'ஹாவ் பீன்' போட்டு, பின்னால 'இங்' போடணும். எப்பவோ ஆரம்பிச்சது, இன்னும் முடியல... அதுக்குத்தான் அது.

பாரூக்: எனக்கே பாடமா? ஷார்ஜாவுல நாளெல்லாம் இங்கிலீஷ்லதான் குப்பை கொட்டறேன்.

ஃபஸீஹா: அதான் உங்ககிட்ட கேக்கறேன். எனக்கு எது சொன்னாலும் சந்தேகம். க்ளாஸ் ஆரம்பிக்க இன்னும் நேரம் இருக்கு, வாசல்லதான் நிக்கிறேன். வீடியோ போடுங்களேன்.

பாரூக்: கம்பெனி வைஃபைல வீடியோ வராதுன்னு எத்தினி வாட்டி சொல்றது... சரி, சொல்லு.

ஃபஸீஹா: 'ஐ ஹாவ் பீன் லேர்னிங் இங்கிலீஷ் ஃபார் சிக்ஸ் மன்த்ஸ்.' ஆறு மாசமா படிச்சிக்கினு இருக்கேன்.

பாரூக்: ரைட்டு.

ஃபஸீஹா: 'மை மதர் இன் லா ஹாஸ் பீன் டெல்லிங் எவ்ரிபடி...' தெருவெல்லாம் சொல்லிக்கினு இருக்காங்க, மருமவ ஃப்ளைட் ஏறப் போறான்னு. மீன் விக்க வர்ற குப்பம்மாள் இருக்கில்ல, அது தினம் கேக்குது. 'ஃப்ளைட்டு இன்னும் வரலியா தாயி, டிராஃபிக்கா?'

பாரூக்: ஹா... அம்மா வாய் சும்மா இருக்காது.

ஃபஸீஹா: மாமியைச் சொல்லாதீங்க. அவங்களுக்குச் சொன்னது யாரு?

பாரூக்: அடுத்தது சொல்லு.

ஃபஸீஹா: 'மை ஹஸ்பண்ட் ஹாஸ் பீன் வொர்க்கிங் இன் ஷார்ஜா ஃபார் த்ரீ இயர்ஸ்.' இது சரியா?

பாரூக்: ம்.

ஃபஸீஹா: ம்-னா? சரியா தப்பா?

பாரூக்: சரிதான்டி.

ஃபஸீஹா: இங்கிலீஷ் சரியா... இல்ல, நிஜமாவும் சரியா? சார் ரெண்டையும் கேப்பாரு.

பாரூக்: ரெண்டும் சரிதான். என்னா பேஜாரு பண்ற நீ?

ஃபஸீஹா: 'ஹீ ஹாஸ் பீன் ட்ரையிங் ஃபார் மை விசா சின்ஸ் ரம்ஜான்.'

பாரூக்: அதுவும் எழுதிக்கோ. இன்ஷா அல்லா, அடுத்த மாசம் வந்துடும்.

ஃபஸீஹா: போன மாசமும் அடுத்த மாசம்னீங்க.

பாரூக்: விசான்னா ரேஷன் கடை க்யூன்னு நெனச்சியா? இங்க எல்லாம் மெதுவாத்தான்...

ஒரு குரல்: பாய்! மேல என்னா பண்ற? ரெண்டு பார்சல் கட்டணும், ஜல்தி வா!

ஃபஸீஹா: யாருங்க அது?

பாரூக்: அது... ரூம்ல நம்ம ஊர்ப் பையன். மெஸ்லேர்ந்து சாப்பாடு எடுத்தாறணும், அதுக்குக் கூப்பிடறான்.

ஃபஸீஹா: சரிங்க. அந்த ஆஸ்பத்திரி வேலை... இன்னிக்கு ஏழு மணிக்குள்ள முடிவு சொல்லணும்.

பாரூக்: அதைத்தான் வேணாம்னு நேத்தே முடிச்சிட்டேனே.

ஃபஸீஹா: கண் ஆஸ்பத்திரிங்க. முன்னாடி உக்காந்து டோக்கன் போடறது, ஃபோன் எடுக்கறது. அங்க இருக்கற இருதயமேரி மேடம் அவங்களாவே கூப்பிட்டுக் கேட்டாங்க. என்னை யாரு இப்படிக் கூப்பிட்டிருக்காங்க, சொல்லுங்க.

பாரூக்: வேணாம் ஃபஸீஹா. ஷார்ஜாவுல இருக்கறவன் பொண்டாட்டி கவுண்டர்ல உக்காந்து கண்டவனுக்குப் பதில் சொல்லிக்கினு இருந்தா, ஊர்ல என்னை என்னா நெனப்பான்?

ஃபஸீஹா: கவுண்டர்ல நிக்கிறது அவ்ளோ கேவலமாங்க?

பாரூக்: நமக்கு வேணாம்னு சொல்றேன். நான் உன்னைக் கூட்டிக்கப் போறேன். அதுக்குள்ள என்னா அவசரம்?

ஃபஸீஹா: விசா வரலைன்னா?

பாரூக்: வரும்.

ஃபஸீஹா: விசா வரும்னு நீங்க உறுதியா சொன்னா, வேலையை விட்டுடறேன். உறுதியா சொல்லணும்.

பாரூக்: உறுதியாத்தான் சொல்றேன். அங்க யாரு கத்தறது?

ஃபஸீஹா: பஸ்காரரு.

பாரூக்: மரக்காணம் மரக்காணம்னு கத்தறான். உன் க்ளாஸ் வாசல்ல மரக்காணம் பஸ் எங்க வருது?

ஃபஸீஹா: ...வருதுங்க. எல்லா ஊருக்கும் பஸ் வுட்டுட்டான்.

பாரூக்: ம்... இரு, பள்ளிவாசல்ல பாங்கு சொல்றாங்க. உன் பக்கம்தான். முடியட்டும்.

ஃபஸீஹா: ...

பாரூக்: ...

ஃபஸீஹா: முடிஞ்சிடுச்சி.

பாரூக்: சரி, க்ளாஸுக்குப் போ. நேரமாவுது.

ஃபஸீஹா: என் பக்கம்தானாங்க?

பாரூக்: என்னது?

ஃபஸீஹா: பாங்கு. உங்க பக்கத்துலேர்ந்தும் கேட்டுச்சி.

பாரூக்: எக்கோ அடிக்கும். நெட் கால் அப்படித்தான்.

ஃபஸீஹா: நானும் எக்கோன்னுதான் நெனச்சேன். போன வாரம் வீட்லேர்ந்து பேசினேன் இல்ல? அப்பவும் பொழுது சாயற நேரம், ஃபோன்ல மஃரிப் பாங்கு கேட்டுச்சி. ஷார்ஜாவுல மஃரிபுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கணுமே... நாந்தான் தப்பா கணக்குப் போட்டேனோன்னு காலண்டரைப் பாத்தேன். மறுநாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டேன்.

பாரூக்: ஃபஸீஹா...

ஃபஸீஹா: இருங்க, முடிச்சிடறேன். நடுவுல வுட்டா குழம்பிடுவேன். அன்னிக்கு என் ஜன்னல்ல பாங்கு சொன்னது ஒரு மோதினார் குரல், ஃபோன்ல வேற மோதினார் குரல். எக்கோன்னா குரல் எப்படிங்க மாறும்? இன்னிக்கு ரெண்டு காதுலயும் ஒரே குரல். தெருவுல கேக்கறதுதான் ஃபோன்ல கொஞ்சம் பின்னாடி வருது.

பாரூக்: நீ... எங்க இருக்க?

ஃபஸீஹா: மாடியில நீலக் கட்டம் போட்ட லுங்கி காயுதே, அது பெருநாளுக்கு நான் பார்சல்ல அனுப்பினது. ஷார்ஜாவுக்குன்னு உங்க ஃப்ரெண்டுகிட்ட குடுத்து விட்டது.

பாரூக்: யா அல்லா...

ஃபஸீஹா: எட்டிப் பாருங்க. எதிர்ல செருப்புக் கடை, அதுக்கு முன்னால. தெரியுதா?

பாரூக்: ...தெரியுது. உனக்கு யாரு சொன்னது?

ஃபஸீஹா: ஜெசிந்தா. க்ளாஸ்ல என் பக்கத்துல உக்கார்றவ, திண்டிவனத்துலேர்ந்து வர்றா. என் ஃபோன்ல நம்ம கல்யாண ஃபோட்டோவைப் பாத்துட்டு, 'இந்த அண்ணன் எங்க தெருவு பிரியாணிக் கடையில பார்சல் கட்டறவராச்சே'ன்னா. அவகிட்ட சண்டைக்குப் போயிட்டேன். ஒரு நாள் முழுக்க அவகூட பேசல.

பாரூக்: கம்பெனியை மூடிட்டான் ஃபஸீஹா. கையில டிக்கெட்டைக் குடுத்துப் போடான்னுட்டான்.

ஃபஸீஹா: எப்போ?

பாரூக்: பக்ரீத் முடிஞ்சதும். நான் வீட்டுக்குத்தான் வந்தேன், நம்பு. ஏர்போர்ட்லேர்ந்து விழுப்புரத்துக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். திண்டிவனத்துல டீக்கு நிறுத்தினான். இறங்கினேன்... திரும்ப ஏறல.

ஃபஸீஹா: ஏன்?

பாரூக்: பெட்டி கூட இல்லாம, ஒரு பையோட... தெரு முனையில அம்மா எல்லாரையும் நிக்க வச்சிருக்கும். எந்த மூஞ்சியை வச்சிக்கினு வருவேன்? இந்தப் பிரியாணிக் கடைக்காரன் கண்ணையன், ஆள் வேணும்னான். ஏதாவது சேத்துக்கினு வரலாம்னு நெனச்சேன். நாளைக்கு, நாளைக்குன்னு...

ஃபஸீஹா: நான் ராத்திரியில ஃபோனைத் தலைமாட்டுல வச்சிக்கினு படுப்பேன். அவருக்கு இப்ப தூக்கம் வந்திருக்குமா, அங்க மணி என்ன ஆவுதுன்னு கணக்குப் போட்டுக்கினு. ஒரே மணிதான் ஆயிருக்கு நமக்கு. மூணு மாசமா.

பாரூக்: மன்னிச்சிடு. பொய் சொல்லணும்னு...

ஃபஸீஹா: கம்பெனி மூடினது உங்க தப்பு இல்லைங்க. இறங்கினவரு ஏறலைன்றது கூட... எனக்குப் புரியுது. எனக்கும் பயம் வந்தா கால் நகராது. ஆனா கவுண்டர்ல நின்னு பார்சல் கட்டிக்கினே, என்னைக் கவுண்டர்ல உக்காராதன்னீங்களே? இப்ப கூட, உறுதியா சொல்லுங்கன்னு கேட்டேன். விசா வரும்னீங்களே?

பாரூக்: வாய் அப்படியே பழகிப் போச்சி...

ஃபஸீஹா: ஆமா. அதுக்குத்தான் அந்த நாலு வாக்கியத்தையும் ஒண்ணொண்ணா கேட்டேன். எங்கயாவது ஒண்ணுல 'அடியே, இது நிஜம் இல்ல'ன்னு சொல்லுவீங்கன்னு. நீங்களா சொன்னா மாடிக்கு வரலாம்னு இருந்தேன்.

பாரூக்: அங்கயே இரு. இதோ கீழ வர்றேன்.

ஒரு குரல்: பாய்! கஸ்டமர் நிக்கிறாருய்யா!

பாரூக்: இருய்யா, வர்றேன்!... ஃபஸீஹா, போயிடாத. ரெண்டு பேரும் சேந்தே ஊருக்குப் போவலாம்.

ஃபஸீஹா: வேணாங்க. விழுப்புரம் பஸ் வந்துடுச்சி, ஏறிட்டேன். நீங்க உங்க கஸ்டமரைப் பாருங்க.

பாரூக்: அம்மாகிட்ட மட்டும் இப்ப சொல்லாத. நானே பக்குவமா சொல்றேன்.

ஃபஸீஹா: அதுவும் நாளைக்குத்தானா?

பாரூக்: ...அப்புறம், அந்த ஆஸ்பத்திரி வேலை. ஏழு மணிக்குள்ளன்னு சொன்னியே. சரின்னு சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். போ, வேலைக்குப் போ.

ஃபஸீஹா: ஏழு மணியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நானும்தான் பொய் சொன்னேன். திங்கக்கிழமையிலேர்ந்து அந்தக் கவுண்டர்லதான் உக்காந்துக்கினு இருக்கேன்.