இன்னாசி வீட்டுப் பறவைக்கூண்டில் வலை அறுபட்டது தொடர்பாக அவர் மனைவி தெரசா சொன்னது

என் பெயர் தெரசா. வயது ஐம்பத்தெட்டு. கணவர் பெயர் இன்னாசி. சொந்த ஊர் உவரி. கணவர் படகுத் தொழிலில் இருந்தவர். முழங்கால் தேய்ந்து கடலுக்குப் போக முடியாமல் ஆனபின், நான்கு வருடமாகத் திருநெல்வேலி பேட்டையில் தொழிற்பேட்டைக்குப் பின்புறத் தெருவில் குடியிருந்து வருகிறோம். எங்களுக்கு ரீபா என்று ஒரே மகள். குவைத்தில் நர்ஸாக இருக்கிறாள். இந்தப் புகாரைக் கொடுத்தவர் என் கணவர். பறவைகளைத் திறந்துவிட்டதாக அவர் குற்றம் சொல்லியிருப்பது எதிர்வீட்டுச் சண்முகசுந்தரியின் மகன் மாரிராஜ் மீது. அவன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். அந்தப் புகார் தவறு என்று சொல்லவே நான் வந்திருக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. என்னை மிரட்டுவதற்கு எங்கள் தெருவில் ஆள் கிடையாது என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மகள் குவைத் போகும்போது தான் வளர்த்த காக்டீல் பறவையை எங்களிடம் விட்டுச் சென்றாள். தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சு நிறப் பொட்டும் உள்ள, கிளி இனத்துப் பறவை அது. பெயர் மிட்டாய். என் கணவர் முதலில் அதன் பக்கமே போகவில்லை. அதன் பிறகு ஒரு நாள் அவர் ஏதோ நினைப்பில் விசிலடிக்க, அது திருப்பி விசிலடித்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் விசில் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. என்னைக் கூப்பிடவும் விசிலடித்துப் பார்த்தார். நான் திரும்பவில்லை. அதன் பிறகு மிட்டாய்க்குத் துணை வேண்டுமென்று லவ் பேர்ட்ஸ் ஜோடி ஜோடியாக வாங்கி வந்து, சின்னக் கூண்டு போதாமல், பின்கட்டில் ஆள் உள்ளே நின்று நடமாடுகிற அளவுக்குப் பெரிய கூண்டு கட்டுவதென்று முடிவு செய்தார்.

அதற்கு இரும்புச் சட்டம் செய்து கொடுத்தவன் மாரிராஜ். பட்டறை வேலை முடிந்து வந்து, சாப்பிடக்கூட உட்காராமல் செய்தான். மேலே பாதிக்குத் தகரம், மீதியில் வெயில் விழ வழி, ஆள் நுழையும்போது பறவை வெளியே போகாமல் இருக்க இரட்டைக் கதவு, எல்லாம் அவன் யோசனை. பக்கங்களுக்குக் கம்பி வலை போடச் சொன்னான். என் கணவர், ‘வலையைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தாரியாலே?’ என்று கேட்டுவிட்டு, உவரியிலிருந்து மீன்பிடி நைலான் வலையை வரவழைத்து, தானே உட்கார்ந்து சட்டத்தோடு சேர்த்துப் பின்னினார். கால்வலியை மறந்து அவர் அப்படி உட்கார்ந்து வேலை செய்ததை ஊரை விட்டு வந்தபின் நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனால் கம்பி வலைதான் நல்லது என்று நானும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும், புதுப் படகை மந்திரிப்பது போலப் பங்குச் சாமியாரை அழைத்து வந்து ஜெபம் சொல்லிக் கூண்டை மந்திரிக்க வைத்தார். படகுக்கு எழுதுவது போலக் கதவில் மாதா பெயரும் எழுதினார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை மாரிராஜ் கட்டிங் பிளேயரோடு வந்து, வலையில் ஓரிடம் பிசிறாக இருப்பதைக் காட்டி, ‘அண்ணாச்சி, இதை அறுத்துப் போட்டுட்டுக் கம்பி கட்டிருவோம். நான் வெளிநாடு போறதுக்குள்ள முடிச்சுத் தாரேன்’ என்றான். ‘என் வலையில கைய வச்சே, பாத்துக்க’ என்று என் கணவர் சத்தம் போட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் காலை நாங்கள் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது, அதே இடத்தில் கை நுழையும் அளவுக்கு வலை அறுபட்டிருந்தது. லவ் பேர்ட்ஸ் ஒன்றுகூட இல்லை. மிட்டாய் மட்டும் கூண்டுக்குள் வைத்திருந்த கிளையில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. கத்தரித்தது போல நூல் அறுந்திருந்ததால், என் கணவர் மாரிராஜைச் சந்தேகப்பட்டு நேராக இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார். அதன் பிறகு தினமும் மொட்டைமாடியில் தினையைப் போட்டுவிட்டு, இருட்டும்வரை விசிலடித்துக்கொண்டு நின்றார்.

மாரிராஜுக்குக் கத்தாரில் வேலை கிடைத்திருக்கிறது. அவனுடைய பாஸ்போர்ட் விசாரணை, இந்தப் புகாரால் இதே நிலையத்தில் நின்றுபோனது. இந்த மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் கைக்கு வராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அவன் அம்மா சண்டைக்கு வரவில்லை. நான் மீன்குழம்பு கொடுத்தனுப்பிய சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே பாத்திரம் வெறுமையாக வந்தது அதுவே முதல் தடவை.

அதன் பிறகு மிட்டாயைச் சின்னக் கூண்டுக்கு மாற்றி, பூனைக்குப் பயந்து மிச்ச வலையை மேலே போட்டு மூடினேன். சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தால், அது உட்கார்ந்து வலையை நூல் நூலாகக் கடித்துக்கொண்டிருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ‘ஏட்டி, திருக்கை மீனு விழுந்தே ஒண்ணும் ஆவாத வலை. இந்தப் பொடிசு அறுக்குதாக்கும்?’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்த்தால் நம்ப வேண்டியிருக்கும் என்பதால் பார்க்கவில்லை. ஆகவே இன்று மிட்டாயை ஆட்டோவில் வைத்து இங்கே கொண்டுவந்தேன்.

கூண்டின் கதவைக் கழற்றி, அந்த இடத்தில் புது வலைத்துண்டைக் கட்டி, இதை எழுதுகிற ஏட்டு தேவசிகாமணி அவர்களின் மேஜையில் வைத்தேன். விசாரணைக்கு வந்திருந்த என் கணவரும் மாரிராஜும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பெயர், வயது சொல்லும்போது மிட்டாய் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. சட்டம் செய்த விவரம் சொல்லும்போது கடிக்கத் தொடங்கியது. சாமியார் மந்திரித்ததைச் சொல்லும்போது வலையில் இரண்டு கண்ணி அறுந்து போயிருந்தது. இந்த வரியை ஏட்டையா எழுதும்போது தலையை வெளியே நீட்டிவிட்டது. ஏட்டையா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அதையும் எழுதச் சொன்னேன்.

என் கணவர் எழுந்து வந்து வலையைத் தடவிப் பார்த்தார். ‘முடிச்சு ஒண்ணும் அவுறல, பாத்தியா’ என்றார். ‘முடிச்சை யாரு குறை சொன்னா? நூலைல்லா அது தின்னுட்டு’ என்றேன். மிட்டாயை விரலில் ஏற்றிக்கொண்டார். அதன் பிறகு மாரிராஜ் பக்கம் திரும்பி, ‘தப்பு என் மேலதாம்லே’ என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம்கூட அவர் சொல்லாத வார்த்தை அது. மாரிராஜ், ‘விடுங்க அண்ணாச்சி, கம்பிக்கு அளவு எடுத்தே வச்சிருக்கேன்’ என்றான்.

என் கணவர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பாஸ்போர்ட் விசாரணைக்கு, மாரிராஜை நன்றாகத் தெரிந்த அக்கம்பக்கத்தார் இருவர் கையெழுத்து வேண்டுமென்று ஏட்டையா சொன்னார். முதல் ஆளாக என் கணவர் பேனாவைக் கேட்டு வாங்கினார். மாரிராஜை உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று ஏட்டையா கேட்டதற்கு, ‘எம் பிள்ளைன்னு எழுதுங்கய்யா’ என்றார். அப்படி எழுத முடியாது என்பதால், நான்கு வருடமாக எதிர்வீட்டில் இருப்பவர் என்று எழுதப்பட்டது.

நான் சொன்னபடியே எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். முழுவதும் கேட்டேன். இதில் உள்ளது அத்தனையும் நடந்த உண்மை.

(ஒப்பம்) இ. தெரசா