காவிச் சாயம்

வெறுங்காலோடு நடந்தால் உடம்புக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு அனுப்புகிறார்கள், மேடம். ஆகஸ்ட் மாதத் தார் ரோட்டில் என்று மட்டும் யாரும் குறிப்பிடுவதில்லை. நீங்கள் விசாரணை அதிகாரி, நான் விஞ்ஞானி. நம் இருவருக்குமே முழு விவரம்தான் பிடிக்கும்.

திருவொற்றியூரில் எங்கள் சின்னக் கம்பெனி செய்வது ஒரு பிலிம். பால் பாக்கெட் உறைபோல வளையும். அதைத் தோலுக்கு அடியில் நரம்பின்மேல் சுற்றி வைப்போம். கெண்டைக்காலில் கட்டிய விளக்கு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வெளியிலிருந்து அனுப்பும். பிலிம் உள்ளே அதை நீல ஒளியாக மாற்றும். நரம்பில் ஏற்கெனவே ஊசி போட்டு ஒரு புரதத்தைக் குடிவைத்திருப்போம். நீலம் பட்டால் அது நரம்பின் வாயை அடைத்துவிடும். வலி தெரியாது.

ஸ்டானிஸ்லாஸ் மாமா என் அம்மாவின் தம்பி. ராயபுரத்துக்காரர், ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். இரும்பு வடம் அறுந்து காலில் அடித்ததிலிருந்து போர்வை பட்டாலே அலறுவார். பிலிமை வைத்துப் பார்க்க ஆள் தேடியபோது அவரே காலை நீட்டினார். "நம்ம ஜெரி செஞ்சது. நமக்கு இன்னா பயம்?" அவருக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு வைக்கக் கூடாது என்று விதியும் உண்டு. அதை எழுதியவனே நான்தான் என்பதால், தளர்த்தும் உரிமையும் எனக்கு உண்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மாமா எழுந்து நடந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. பாராட்டு யாருக்குப் போயிற்று? மாதாவுக்கு. லேபில் கண் கெட உழைத்தவன் நான், மெழுகுவத்தி எரிந்தது கோயிலில். எனக்கு வயிறெரிந்தது, மறைக்க மாட்டேன். "வெறுங்காலோட வேளாங்கண்ணிக்கு நடந்து வர்றேன்னு நேந்துகினேன்டா" என்றார் மாமா. தடுத்திருக்கலாம். ஆனால் முதலீட்டாளர்கள் வீடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். காவி வேட்டி, பின்னால் சின்னத் தேர், நிற்கவே முடியாதவர் நடக்கிறார். இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமென்றால் மாதாவைத்தான் கேட்க வேண்டும்.

விளக்கில் ஒரு ஏற்பாடு இருந்தது. மணிக்கொரு முறை கொஞ்ச நேரம் தானாக அணையும். கால் தன் குறையைச் சொல்லிக்கொள்ளத்தான் அந்த அவகாசம். கல் குத்தியிருந்தாலும் கொப்புளம் வந்திருந்தாலும் அப்போது தெரிந்துவிடும். முதல் நாள் ஒவ்வொரு முறை அணைந்தபோதும் மாமா உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்திருக்கும் ஆளை வீடியோ எடுத்து என்ன செய்வது? என் போனிலிருந்தே அந்த ஏற்பாட்டை நீக்கினேன். அதன்பின் விளக்கு அணையவில்லை. மாமாவும் உட்காரவில்லை.

மாமல்லபுரத்தைத் தாண்டியதும் தார் இளகிக் கிடந்தது. நான் பைக்கில் கேமராவோடு கூடவே போனேன். "ஜெரி, மாதா என்னத் தூக்கிகினு போறாடா" என்று சிரித்தார். அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் அத்தைதான் முதலில் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடா ஜெரி, ரோட்டுல செவப்பா அச்சு வுழுந்துகினே வருது?"

"புது வேட்டி அத்தை. வேர்வையில சாயம் போவுது."

நடைப்பயணம் போகிறவர்களுக்குக் காவிச் சாயம் கணுக்கால்வரை வழிவது புதிதல்ல. அத்தை நம்பிவிட்டார், ஜெபமாலையைத் தொடர்ந்தார். அந்த அச்சை நான் காலையிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாமாவின் இடுப்புக்குக் கீழே படத்தில் விழாதபடி கேமராவை உயர்த்திக்கொண்டேன். அன்று தங்கிய இடத்தில் அத்தைக்கு முன்னால் நானே போய் மாமாவின் விளக்குக் கட்டிய காலில் பாதத்தைத் துணியால் சுற்றிவிட்டேன். நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள் மாமா காய்ச்சலில் சுருண்டு விழுந்தார். அந்தக் காலில் உள்ளங்கால் என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. மீதியைச் சர்க்கரை பார்த்துக்கொண்டது. அடிபட்ட காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிலிமும் அதோடு குப்பைக்குப் போனது, அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இல்லாத பாதம் எரிகிறதாம்.

"லைட்டப் போடுடா ஜெரி. தாங்கல."

அத்தை நகர்ந்து எனக்கு இடம் விட்டார். வெட்டிய காலின் கட்டுத்துணிமேல் விளக்கை வைத்துக் கட்டி, சுவிட்சைப் போட்டேன். உள்ளே ஒளியை மாற்ற ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். "இப்ப எப்டி கீது மாமா?" என்று கேட்டேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "கொறஞ்சா மாரி கீதுடா" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த ஏற்பாட்டை நீக்கியது நான். ரத்தம் என்று தெரிந்தே சாயம் என்றேன். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பிலிம் வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம். மாமாவையே கேட்டுப் பாருங்கள்.