திருச்சியில் கடல் இல்லை

— அப்ப கடல் எவ்வளவு தூரம்?

— திருச்சியில கடல் இல்லையெண்டு எத்தினை தரமடி சொல்லுறது, மலர்? பஸ்ஸில ஏறினால் நாலு மணித்தியாலம் ஓடோணும்.

— நாலு மணித்தியாலமெல்லாம் ஒரு தூரமே? முல்லைத்தீவுக் கரையால ஏறி எங்கட குசினி அடுப்பு வரைக்கும் வருமெண்டு ஆர் நினைச்சது? எனக்கு மேல்வீடுதான் வேணும், மரியநாயகம் ஐயா. மாடியெண்டால் வாறன். இல்லாட்டி இந்த முள்ளியவளைத் தகரக் கொட்டிலுக்கையே கிடக்கிறன்.

— மேல்வீட்டில ஒரு செல் குண்டு விழுந்தால் எங்கயடி ஓடுறது? நிலத்தோட இருக்கிற வீடுதான் சரி.

— திருச்சியில ஆர் செல் அடிக்கிறது?

— திருச்சியில ஆர் கடலைக் கொண்டு வாறது?

— மாதாவே! இந்த மனுசனோட கதைச்சு வெல்லேலாது.

— கேள், மலர். நான் ரெண்டு கிழமை திருச்சியில வீடு தேடி நடந்து காலெல்லாம் தேய்ஞ்சு வந்திருக்கிறன். உன்ர கொண்ணன் பாரிஸிலயிருந்து ஆறு மாதத்துக்குத்தான் வாடகை தாறனெண்டவர். மெட்ராசில வாடகை கேட்டால் தலை சுத்துது. மலேசியாவுக்குப் போகச் சொல்லி என்ர கூட்டாளி தில்லைநாதன் சொன்னான். விசா முடிஞ்சால் பிடிச்சு அடைச்சுப்போடுவாங்களாம். திருச்சிதான் எங்களுக்கு ஏலும். மரக்கறி மலிவு, மாதா கோயில் கிட்ட, எங்கட சனமும் கனக்க இருக்கு.

— எங்களுக்கு வீடு குடுப்பினமோ?

— ரெண்டு இடத்தில “சிலோனா?” எண்டு கேட்டுப்போட்டுக் கதவைச் சாத்தினவை. மற்ற ரெண்டு பேர் ஓமெண்டவை. ஒண்டு கீழ்வீடு, பின்னால நல்ல வளவு. மற்றது நீ கேக்கிற மேல்வீடு. இப்ப அந்த விண்ணப்பத்தை எடு பாப்பம். வன்னியை விட்டு வெளிக்கிடுற பாஸுக்கு நாளைக்குக் குடுக்கோணும். வளந்த பிள்ளையளுக்கு இயக்கம் இனிப் பாஸ் குடுக்காதாம், சண்டைக்குப் பிடிக்குமாமெண்டு சனம் கதைக்குது. எங்கட ஆன்சலாவுக்குப் பதினாறும் முடிஞ்சுது.

— இந்தாங்கோ. எல்லாம் எழுதிப்போட்டன்.

— இதென்ன, நாலு பேர் எழுதிக் கிடக்கு?

— நாங்கள் நாலு பேர்தானே.

— மூண்டு பேர். நான், நீ, ஆன்சலா.

— டிலக்ஸன்?

— மலர்.

— பள்ளிக்கூடப் படமும் ஒட்டி வச்சிருக்கிறன், பாருங்கோ. அவனை ஆர் கண்டது? நீங்கள் அடக்கம் செய்தனீங்களோ?

— ஒண்டரை வருசமடி! பத்து வயசுப் பொடியன். கடல் கொண்டு போட்டுது. இல்லாதவன்ர பேரை எழுதிக் குடுத்தால் முழு விண்ணப்பத்தையும் கிழிச்செறிவினம். பிறகு ஆன்சலாவும் இஞ்சதான். உனக்கு இருக்கிற பிள்ளை வேணுமோ, போன பிள்ளை வேணுமோ?

— வாயைக் கழுவுங்கோ! வாசல் முத்தத்தில செல்லுக்கு ஒளிக்கப் பங்கர் வெட்டேக்கையும் இப்பிடித்தான் கதைச்சனீங்கள். ஆளுக்கு ரெண்டடி, மூண்டு பேருக்கு ஆறடி நீளம் காணுமெண்டு. எட்டடியா வெட்டுங்கோ, அவன் வந்தால் எங்க இருப்பானெண்டு கையெடுத்துக் கும்பிட்டனான். செத்தவனுக்கு என்னத்துக்கடி பங்கரெண்டு கேட்டனீங்கள். ரெண்டு நாள் நான் சோறு தின்னேல்லை.

— ஓம், கேட்டனான். இப்பவும் கேப்பன். அந்தப் பேரை அழி.

— அழிக்கமாட்டன். நீங்களே அழியுங்கோ, இந்தாங்கோ பேனை... இஞ்சருங்கோ, கையை விரியுங்கோ.

— ஒண்டுமில்லை, விடு.

— விரியுங்கோ எண்டுறன்! இருபது வருசம் வலையிழுத்து மரத்துப்போன கை. இதில கொப்புளமோ? உடைஞ்சு சதை தெரியுது!

— மண்வெட்டி பிடிச்சது.

— வீடு தேடப் போன மனுசனுக்கு என்ன மண்வெட்டி?

— கீழ்வீட்டு வளவில வாழை வைச்சனான்.

— ஆறு மாதம் இருக்கப் போற வீட்டில வாழையோ? அது குலை போடவே வருசமாகுமே. பொறுங்கோ, அப்ப அந்த வீட்டை எடுத்திட்டீங்கள்! எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல்!

— எடுத்தனான். பிறகு வீட்டுக்கார மனுசி வீட்டை விட்டு எழுப்பிப்போட்டா.

— எழுப்பினவாவோ! என்ன செய்தனீங்கள்?

— அவா தங்கமான மனுசியடி. போன அண்டே தோசை சுட்டுத் தந்தவா. “இங்க ஒரு சத்தமும் இருக்காதுங்க, நிம்மதியா தூங்குங்க” எண்டவா. அந்த நிம்மதிதான் எனக்கு ஒத்து வரேல்லை. படுத்தால் காது கிடந்து சத்தத்தைத் தேடுது. மூண்டாம் நாள் காலமை சந்தைக்குப் போனனான். கலியாண ஊர்வலம் ஒண்டு வந்துது. வெடி கொளுத்தினாங்கள்.

— ஐயோ.

— தார் றோட்டில குப்புற விழுந்திட்டன். தக்காளியெல்லாம் உருண்டோடுது. தலையைத் தூக்கிப் பாத்தால் மாப்பிள்ளை, பொம்பிளை, மேளகாரர் எல்லாரும் என்னைப் பாக்கினம். ஒரு சின்னப் பொடிச்சி சிரிச்சுது. அப்பிடியே வீட்டை வந்து, வாழை வைக்கப் போறனெண்டு மனுசியிட்டயே மண்வெட்டி கேட்டு வாங்கினனான்.

— வாங்கி?

— பங்கர் வெட்டினனான்.

— ஆற்ர வளவில?

— மனுசின்ர வளவிலதான்.

— வாடகை வீட்டில! திருச்சியில! உங்களுக்கென்ன விசரே? பங்கர் வேண்டாமெண்டுதானே அங்க போறம்!

— தெரியும். வெட்டேக்கையும் தெரியும். கைதான் நிக்கேல்லை. ரெண்டு நாளில நெஞ்சளவு. மேல மூடப் பனங்குத்தி கிடைக்கேல்லை, கட்டில் பலகையைக் கழட்டினனான்.

— அந்த மனுசின்ர கட்டிலையோ!

— ஓம்.

— மண்மூட்டைக்கு என்ன செய்தீங்கள்?

— அரிசிச் சாக்கு.

— மாதாவே, நானும் என்ன கேள்வி கேக்கிறன்!

— அதுக்குள்ள இறங்கிப் படுத்தன், மலர். போய் முதல் முதல் அப்பதான் நித்திரை வந்துது. விடிய மனுசி குப்பை கொட்ட வந்து எட்டிப் பாத்திட்டா. “வாழைக்கு எதுக்குய்யா இவ்ளோ ஆழம்? யாரைப் புதைக்கப் போற?” எண்டு கத்தினவா. தெருவே கூடிட்டுது. பொலிஸும் வந்திட்டுது.

— பொலிஸோ! அடிச்சவையோ?

— இல்லை. அதில பெரியவர் குழிக்குள்ள இறங்கிப் பாத்தார். என்னத்துக்கெண்டு கேட்டார். பிள்ளையளை இருத்தவெண்டனான். மேல ஏறி உடுப்பில மண்ணைத் தட்டினார். பிறகு, “மூடிட்டு ஊர் போய்ச் சேருய்யா” எண்டார். மூடினனான். வெட்டினதை விட மூடினதுதான் ஏலாமல் கிடந்துது.

— அப்ப கீழ்வீடு இல்லை. இவ்வளவு நேரமும் என்னத்துக்கு என்னோட மல்லுக்கு நிண்டனீங்கள்?

— வேற கீழ்வீடு தேடலாமெண்டு பாத்தன். மேல்வீட்டுக்காரர் எங்கட பதிலுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுப்பனெண்டவர். ஆனால் அங்க வெட்ட ஒரு சாண் நிலமில்லையடி. நான் எப்பிடிக் கண்ணை மூடுறது?

— அழுறீங்களோ? கடல் வந்தண்டுகூட நீங்கள் அழேல்லையே!

— விடு.

— இல்லை, கேளுங்கோ. மேல்வீட்டையே எடுப்பம். வெடி கொளுத்தினால் நான் உங்கட காதைப் பொத்துறன். மழை வெள்ளம் தெருவில ஓடினால் நீங்கள் என்ர கையைப் பிடியுங்கோ. ரெண்டு விசரும் ஒரு அறைக்குள்ள கிடப்பம். ஆன்சலா தப்பினால் காணும்.

— விண்ணப்பம்?

— பேனையைத் தாங்கோ. இந்தா, நானே அழிக்கிறன். படத்தையும் உரிக்கிறன். மூண்டு பேர். சரியோ? இனி நாலெண்டு என்ர வாயால வராது. நீங்கள்தான் சரி, நான்தான் இவ்வளவு நாளும் விசரி மாதிரி அவனைக் காத்துக்கொண்டு இருந்திட்டன்.

— மலர், அப்பிடிச் சொல்லாதை.

— கண்ணைத் துடையுங்கோ. சைக்கிள் சத்தம் கேக்குது, பிள்ளை ரியூசன் வகுப்பால வந்திட்டாள். அவளுக்கு இந்தக் கதை ஒண்டும் வேண்டாம். ஆனால் எனக்கு ஒண்டு விளங்கேல்லை. இஞ்ச ஆறடியை ஒரே பகலில வெட்டி முடிச்ச மனுசன், அங்க ஏன் ரெண்டு நாள் எடுத்தனீங்கள்?

— அங்க எட்டடி வெட்டினனான், மலர்.