உப்புத்தோலில் உயிர் கண்ட குர்ஷித் பேகம் அவர்களுக்கு

முப்பத்தோராண்டுகள் நம் கல்லூரி நுண்ணுயிரியல் துறையின் முகமாய் விளங்கி, இன்று பணி நிறைவு பெறும் பேராசிரியை குர்ஷித் பேகம் அவர்களே! கண்ணுக்குத் தெரியாததைக் கண்ட காரிகையே! ஊரார் உதறிய உப்பில் உயிரைத் தேடிய உழைப்பின் உருவே! என் உறக்கத்தைக் கெடுத்த உத்தமியே! வணக்கம்.

தங்களோடு ஒரே நாளில் பணியில் சேர்ந்தவன் என்ற முறையில், இம்மடல் எழுதும் பொறுப்பு வேலாயுதமாகிய என்னிடம் வந்தது. பொறாமைக்காரனிடம் பாராட்டு எழுதச் சொன்னது துறையின் தவறு.

புதிய உயிரினம் ஒன்றேனும் கிடைக்காதா என்று ஏலகிரியும் ஜவ்வாது மலையும் ஏறி இறங்கி இருபது ஆண்டுகள் அலைந்தவன் நான். தாங்களோ, கல்லூரிக்குப் பின்னாலிருக்கும் சத்தார் பாயின் தோல் மண்டிக்கு நடந்தே போய், உப்பிட்ட தோலில் படிந்த சிவப்புத் திட்டைச் சுரண்டி வந்தீர்கள். "சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்க" என்று அழைத்தீர்கள். "உப்புக் கறைதானே மேடம், பேஜார் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த டீ இன்றுவரை செரிக்கவில்லை.

அந்தக் கறைக்குள் உலகம் அதுவரை அறியாத உயிரொன்று இருந்தது! மற்றவை மடியும் உப்பில் மகிழ்ந்து பெருகும் உயிர்! ஆதி பூமியின் உப்புக் கடலில் உயிர் எப்படிப் பிழைத்தது, செவ்வாயின் உப்பு மண்ணில் பிழைக்குமா என்று ஆராய்வோரெல்லாம் இன்று நம் ஆம்பூருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். உறையின் மேல் தங்கள் பெயர். அதை வாங்கி வந்து தங்கள் மேசையில் வைப்பவன் நான். தங்கள் பொறுமை, பணிவு, நேர்மை யாவும் உண்மை. ஒரு குறையேனும் இருந்திருந்தால் நிம்மதியாகப் பாராட்டியிருப்பேன்.

சென்ற வாரம், அவ்வுயிர் வளரும் ஆறு குடுவைகளையும் என் மேசையில் வைத்தீர்கள். "மாசம் ஒருதரம் புது உப்புத் தண்ணிக்கு மாத்தணும் சார். மறந்துட்டா செத்துடும். உங்களத் தவிர யாரையும் நம்ப மாட்டேன்" என்றீர்கள். மறந்துபோவது எனக்கு எவ்வளவு சுலபம் என்று தாங்கள் அறியமாட்டீர்கள். அறிந்தே தந்திருந்தால், அந்த மனத்தின் மீதும் எனக்குப் பொறாமைதான்.

நாட்றம்பள்ளி இல்லத்தில் பேரப்பிள்ளைகள் சூழ, நோயில்லா உடலும் நீங்கா மகிழ்வுமாய்த் தாங்கள் நூறாண்டு வாழ்க! குடுவைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். இன்று காலை, விழாப் பந்தல் போடும் முன்பே, ஆறையும் புது உப்புத் தண்ணீருக்கு மாற்றிவிட்டேன். குடுவைகளின் ஆறு பெயர்ச்சீட்டிலும், கண்டறிந்தவர் என்ற இடத்தில், என் கையாலேயே தங்கள் பெயரை எழுதி ஒட்டினேன். இனி மாதந்தோறும் எழுதுவேன்.

தங்கள் பெருமையில் பங்கு கேட்க இயலாத,
வேலாயுதமும் துறையினரும்